சக்குபந்தி

போன வருடம் ஆகஸ்ட்டில் ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் இரண்டே வரியில் வேலை கொடுத்தார். "அந்த இமேஜ் டவுன்லோட் டூலுக்கு டாக்குமென்டேஷன் எழுதணும். மனுசங்களுக்கு இல்ல, ஏஜென்ட்டுகளுக்கு."

பன்னிரண்டு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். கூடவே ஆவணங்களும். அந்த ஆவணங்களை யாரும் படித்ததில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். லிங்க் அனுப்பினால் "தேங்க்ஸ் ப்ரோ" என்று பதில் வரும், ஐந்து நிமிடத்தில் அதே ஆள் என் மேசைக்கு வந்து நிற்பார். "டாக் பாத்தேன்... ஆனா நீங்களே ஒரு தடவ சொல்லிருங்களேன்." எனக்கும் அதில் வருத்தமில்லை. சொல்லிக்கொண்டே டீ குடிக்கப் போய்விடுவோம்.

இப்போது எழுதுகிற ஒவ்வொரு வரியையும் விடாமல் படிக்கப்போகிற ஒரு வாசகர் வந்திருக்கிறார். எந்த எழுத்தாளனுக்கு இது கசக்கும்? உற்சாகமாகத்தான் உட்கார்ந்தேன்.

டூல் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

"என் லேப்டாப்புல ஓடுதே, உங்க சர்வர்ல ஏன் ஓடல?" என்பது எங்கள் தொழிலின் பழைய சண்டை. அதைத் தீர்க்க வந்ததுதான் கன்டெய்னர். ஒரு நிரலையும் அது ஓடுவதற்குத் தேவையான சகலத்தையும் மூட்டை கட்டி, அந்த மூட்டையையே ஊர் ஊராக எடுத்துப்போவது. யோசனை பழையது என்றாலும் 2013ல் டாக்கர் வந்த பிறகுதான் எல்லார் கைக்கும் எட்டியது. அந்த மூட்டைக்குப் பெயர் இமேஜ். அது ஒற்றைக் கோப்பு இல்லை. பல அடுக்குகள், ஒரு அமைப்புக் கோப்பு, எந்தெந்த அடுக்கு என்று பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் என்று ஒரு தாள். எல்லாம் ரெஜிஸ்ட்ரி என்கிற கிடங்கில் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 64 எழுத்து அடையாளம் உண்டு. டைஜஸ்ட் என்போம். உள்ளே ஒரு பிட் மாறினாலும் டைஜஸ்ட் முழுக்க மாறிவிடும்.

வழக்கமாக இதை டாக்கரே இறக்கிக்கொடுக்கும். ஆனால் எங்கள் ஏஜென்ட்டுகளுக்கு டாக்கரைத் தருவதில்லை. டாக்கரின் பின்கதவைத் திறந்து கொடுப்பதும் அந்த மெஷினின் மொத்தச் சாவிக்கொத்தைக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்று. அதனால் டாக்கர் இல்லாமலே, வெறும் இணையக் கோரிக்கைகளை வைத்து இமேஜை இறக்கும் சின்ன நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. ரெஜிஸ்ட்ரியிடம் டோக்கன் வாங்கும், மேனிஃபெஸ்ட்டைக் கேட்கும், அதில் உள்ள அடுக்குகளை ஒவ்வொன்றாக இறக்கும், டைஜஸ்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும், ஒரே கோப்பாகக் கட்டி வைக்கும். எங்கள் வாடிக்கையாளர்களில் பலருடைய சர்வர் அறைகளுக்கு இணையம் கிடையாது. இந்தக் கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஆள்தான் கொண்டுபோக வேண்டும்.

இதை 2019ல் எழுதியவர் என்னுடைய சீனியர். நானூறு வரி நிரல், அதற்குப் பதினோரு வரி ரீட்மீ. மீதி எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம் போவோம். "எந்த ஊருக்கு? அங்க என்ன சர்வர்?" என்று இரண்டு கேள்வி கேட்பார், கமாண்டை அடித்துக் கொடுத்துவிடுவார். முந்தைய வருடம் ஆட்குறைப்பில் அவரை அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எல்லாரும் என்னிடம் வந்தார்கள். அவர் பதில்களை நான் கற்றிருந்தேன். அவர் கேட்ட அந்த இரண்டு கேள்விகளைக் கற்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்று நாளில் ஆவணத்தை முடித்தேன். தலைப்புகள், எடுத்துக்காட்டுகள், கட்டளையின் ஒவ்வொரு உறுப்புக்கும் விளக்கம். பிளாட்ஃபார்ம் என்கிற உறுப்புக்கு இப்படி எழுதினேன்: "தேவைப்பட்டால் பிளாட்ஃபார்மைக் குறிப்பிடவும். குறிப்பிடாவிட்டால் தற்போதைய மெஷினின் வகை எடுத்துக்கொள்ளப்படும்."

படித்தால் பிழை ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

ஏஜென்ட் ஒன்றிடம் கொடுத்துச் சோதித்தோம். முன்பு ஆளைக் கேட்டுக் கேட்டு அரை மணி நேரம் ஆகிற வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. மேனேஜர் கட்டைவிரல் உயர்த்தினார். எல்லாரும் என் மேசைக்கு வருவது மெல்ல நின்றது.

தீபாவளிக்கு முந்தைய வாரம். ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட வேண்டும். டீமிலேயே இளையவளை அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம். ஏஜென்ட்டிடம் சொல்லி இமேஜ்களை இறக்க வைத்தாள். எல்லா டைஜஸ்ட்டும் சரி என்று பச்சை எழுத்தில் வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினாள்.

காலையில் தொழிற்சாலை வாசலில் ஒரு மணி நேரச் சோதனை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போய் இமேஜ்களை ஏற்றினாள், ஏறியது. ஓட்டினாள், ஓடவில்லை. "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" என்று ஒற்றை வரி. திரும்பத் திரும்ப அதே வரி.

நடந்தது இதுதான். நிரலை எழுதிய 2019ல் எங்கள் லேப்டாப்புகள், சர்வர்கள், வாடிக்கையாளரின் சர்வர்கள் எல்லாம் இன்டெல் வகைச் சிப்பில் ஓடின. இறக்குகிற மெஷினும் ஓட்டுகிற மெஷினும் ஒரே இனம். கேள்விக்கே இடமில்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப்பைக் கொண்டுவந்தது, அலுவலகத்தில் பாதிப் பேர் லேப்டாப் ஆர்ம் வகைக்கு மாறியது. போன வருடம், செலவு குறையும் என்று, ஏஜென்ட்டுகள் ஓடும் மெஷின்களையும் ஆர்முக்கு மாற்றினார்கள். ஒரே இமேஜ் பெயருக்குப் பின்னால் இன்டெல்லுக்கு ஒன்று, ஆர்முக்கு ஒன்று என்று பல வகைகள் இருக்கலாம். ஏஜென்ட் ஆர்ம் மெஷினில் உட்கார்ந்திருந்தது. பிளாட்ஃபார்ம் சொல்லத் தேவையா என்று என் ஆவணத்தைப் பார்த்தது. "தேவைப்பட்டால்" என்றிருந்தது. தேவைப்படவில்லை என்று முடிவு செய்தது. ஆர்ம் இமேஜ்களை ஒரு பிழையுமில்லாமல், டைஜஸ்ட் சரிபார்த்து, அழகாகக் கட்டிக் கொடுத்தது. தொழிற்சாலையில் இருந்தது இன்டெல் சர்வர்.

அவள் வாசலுக்கு நடந்து வந்து, போனை வாங்கி எனக்குக் கூப்பிட்டாள். "அண்ணா, எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. ஆனா ஓட மாட்டேங்குது." குரலில் அழுகைக்கு ஒரு படி முன்னால் இருக்கிற நிதானம். காரணம் பிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அன்று ராத்திரி லாட்ஜில், மொபைல் ஹாட்ஸ்பாட்டில், ஆறு ஜிபியை மறுபடி இறக்கினாள். மறுநாள் மறுபடி வாசல் சோதனை. ஒரு நாள் வேலை மூன்று நாளானது. தொழிற்சாலையின் ஒரு லைன் அந்த மூன்று நாளும் பழைய பதிப்பில் முடங்கிக் கிடந்தது.

திங்கட்கிழமை மீட்டிங். வீடியோ கால். மேனேஜர் கேட்டார், "என்னாச்சு?" நான் சொன்னேன், "ஏஜென்ட் தப்பான பிளாட்ஃபார்ம் எடுத்துருச்சு."

பொய்யில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

அவர் அவளிடம் திரும்பினார். "நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி செக் பண்ணலியா?" அவளுடைய கட்டத்தில் மைக் குறி ஒரு நொடி திறந்தது. மறுபடி மூடியது. பிறகு திறந்து, "பண்ணிருக்கணும் சார். சாரி" என்றாள்.

நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த மாதம் இன்னொரு ஆட்குறைப்பு வரும் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு இருந்தது. எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது. காரணங்களை வரிசையாக அடுக்கலாம். எல்லாருக்கும் இருக்கிற காரணங்கள்தான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். சங்கரன்கோவில். அப்பா அங்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதியவர். வேப்பமரம், தகரக்கூரை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. பிறகு கம்ப்யூட்டரில் டைப் அடிக்க ஒரு பையனை வைத்துக்கொண்டார். 2018க்குப் பிறகு எல்லாம் ஆன்லைன் வழி என்று ஆனதும், கண்ணும் ஒத்துழைக்காததால், விட்டுவிட்டார். இப்போதும் யாராவது பழைய பத்திரத்தைக் கொண்டுவந்தால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துச் சொல்வார்.

ராத்திரி முறுக்கு தின்றுகொண்டிருக்கும்போது, ஏனோ, நடந்ததைச் சொன்னேன். கன்டெய்னர், சிப் எல்லாம் விட்டுவிட்டேன். "ஒரு சாமான எடுத்துட்டு வரச் சொல்லி எழுதிக் குடுத்தேன்பா. அதுல ரெண்டு வகை இருக்கு. தேவைப்பட்டா வகையச் சொல்லுன்னு எழுதினேன். சொல்லாம எடுத்துட்டு வந்துருச்சு."

அப்பா முறுக்கைத் தட்டில் வைத்தார். "தேவைப்பட்டான்னா... யாருக்குத் தேவைப்பட்டா?"

"அதாவது... எடுக்கிறவங்களுக்கு."

"எடுக்கிறவனுக்கு என்னலே தேவை? வாங்குறவனுக்குல்லா தேவை."

நான் பேசாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"சரி. படிக்கிறவன் சந்தேகம்னா உங்கிட்ட வந்து கேப்பானா?"

"கேக்காதுப்பா. அது மனுசன் இல்ல. இருக்கிறத வச்சு அதுவே முடிவு பண்ணிக்கும்."

"அப்ப அது பத்திரம் மாதிரில்லா. பத்திரம் எதுக்கு? எழுதுனவன், வித்தவன், வாங்குனவன் மூணு பேரும் செத்த பிறகு கோர்ட்டுல வச்சுப் படிக்கதுக்கு. 'தேவைப்பட்டால்'னு ஒரு வார்த்த எழுதுனேன்னு வையி, பேரன் காலத்துல வெட்டுக்குத்து ஆயிரும்."

எழுந்துபோய் பீரோவிலிருந்து எங்கள் வீட்டுப் பத்திரத்தையே எடுத்து வந்தார். அவர் எழுதியதுதான். சின்ன வயதில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் படித்ததில்லை. பள்ளியில் தமிழ் ஐயா கட்டுரை எழுதச் சொல்லும்போது, அப்பாவின் பத்திரத் தமிழ் மாதிரி எழுதிவிடக் கூடாது என்பதுதான் என் இலக்கணமாக இருந்தது. வளவளவென்று, திரும்பத் திரும்பச் சொல்லி, மூச்சுவிடாமல் ஓடும் வாக்கியங்கள்.

அன்று ராத்திரி வரி வரியாகப் படித்தேன். தொகை எண்ணில் ஒரு முறை, எழுத்தில் ஒரு முறை. அடித்துத் திருத்திய இடத்தில் பக்கத்திலேயே கையெழுத்து. பிறகு சொத்து விவரம். கிராமம், சர்வே எண், பரப்பு, அதன் கீழே சக்குபந்தி. நிலத்தின் நான்கு எல்லை. இன்னார் மனைக்கு வடக்கு, தெருவுக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்குத் தெற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு. இதற்குட்பட்ட இடம் இத்தனை சென்ட்.

"சர்வே நம்பர் இருக்கே, பெறகு எதுக்கு நாலு எல்லை?" என்று கேட்டேன்.

"நம்பரு ஒத்த எழுத்து தப்பானாலும் ஊரான் நிலத்த வித்துருவோம். அப்ப எல்லை காப்பாத்தும். பக்கத்து வீட்டுக்காரன் வித்துட்டுப் போயிட்டா எல்லைல பேரு மாறிரும். அப்ப நம்பரு காப்பாத்தும்."

பக்கத்து வீட்டுக்காரர் விற்றுவிட்டுப் போவது. இமேஜ்களிலும் அதுதான் நடக்கிறது. இமேஜுக்கு டேக் என்று ஒரு பெயர்ச்சீட்டு உண்டு. "லேட்டஸ்ட்" என்பது அதில் பிரபலம். அந்தச் சீட்டை வெளியிடுபவர் எப்போது வேண்டுமானாலும் கழற்றி வேறு இமேஜில் ஒட்டலாம். நேற்று "லேட்டஸ்ட்" என்று இறக்கிய போஸ்ட்கிரஸ் 16 ஆக இருக்கும், இன்று 17. பதினாறு எழுதிவைத்த தரவுக் கோப்புகளைப் பதினேழு நேரடியாகத் திறக்காது. டைஜஸ்ட் அப்படி நகராது. சர்வே எண்ணாவது உட்பிரிவு ஆகும், டைஜஸ்ட் அதுவும் ஆகாது. அது அந்தப் பொருளின் ரேகை. ஆனால் மனிதக் கண்ணுக்கு அந்த 64 எழுத்தும் ஒன்றுதான், பக்கத்தில் பெயரும் இருந்தால்தான் புரியும். இரண்டும் வேண்டும். நம்பரும் எல்லையும்.

சென்னைக்குத் திரும்பி, ஆவணத்தை முதலிலிருந்து எழுதினேன். யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரம், வேலை முடிந்த பிறகு.

முதலில் "தேவைப்பட்டால்", "பொதுவாக", "போதுமான", "பொருத்தமான" ஆகிய சொற்களைத் தேடித் தேடி எடுத்தேன். இருபத்து மூன்று இடங்கள். ஒவ்வொன்றும் நான் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் முடிவெடுக்காமல் படிப்பவர் தலையில் கட்டிவிட்டுப் போன இடம். "போதுமான இடம் இருக்கிறதா பார்க்கவும்" என்பதை, "மேனிஃபெஸ்ட்டில் உள்ள அடுக்கு அளவுகளைக் கூட்டு. டிஸ்க்கில் அதைப் போல் மூன்று மடங்கு காலி இல்லையென்றால் தொடங்காதே" என்று மாற்றினேன்.

இரண்டாவது, எடுத்துக்காட்டுகள். ஏஜென்ட்டுகள் விதிகளைப் படிக்கும்தான், ஆனால் எடுத்துக்காட்டைத்தான் பிடித்துக்கொள்ளும். "லேட்டஸ்ட் வேண்டாம்" என்று மேலே எழுதிவிட்டு கீழே மாதிரிக் கட்டளையில் நானே லேட்டஸ்ட் போட்டிருந்தேன். குழந்தைகள் மாதிரி, சொன்னதைவிடச் செய்ததைத்தான் அது பார்க்கிறது. எல்லா மாதிரியிலும் பெயர், பதிப்பு, பிளாட்ஃபார்ம், டைஜஸ்ட் நான்கையும் போட்டேன்.

மூன்றாவது, நிறுத்த வேண்டிய இடங்கள். டாக்கர் ஹப் 2020 நவம்பரில், கணக்கில்லாமல் இறக்குபவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 என்று வரம்பு வைத்தது. வரம்பு ஐபி முகவரிக்கு. எங்கள் அலுவலகம் முழுக்க ஒரே முகவரி. ஏதோ ஒரு ஏஜென்ட் சளைக்காமல் மறுமுயற்சி செய்துகொண்டே இருந்தால் மொத்த அலுவலகமும் பட்டினி. மனிதன் நாலு தடவை பார்த்துவிட்டு எரிச்சலாகி எழுந்து போவான். ஏஜென்ட்டுக்கு எரிச்சல் வராது. எனவே எரிச்சலை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது: "429 வந்தால் நிறுத்து. மறுபடி முயலாதே. வேலை கொடுத்தவரிடம் சொல்."

நான்காவதுதான் முக்கியம். ஆவணத்தை விட்டுவிட்டு நிரலையே திருத்தினேன். பிளாட்ஃபார்ம் சொல்லாவிட்டால் இனி அது எதையும் ஊகிக்காது, நின்றுவிடும். நிற்கும்போது வருகிற பிழைச்செய்தியில் சீனியரின் இரண்டு கேள்விகளையும் எழுதினேன். இது எந்த ஊருக்கு? அங்கே இருப்பது என்ன சர்வர்? தெரியாவிட்டால் வேலை கொடுத்தவரைக் கேள். அவர் டீக்கடையில் ஒரு கையில் வடையுடன் கேட்ட கேள்விகள். அவற்றைக் கேட்கத்தான் அவர் தேவைப்பட்டார் என்பதை அவரை அனுப்பியபோது எங்களில் யாரும் உணரவில்லை.

முடித்ததும் ஆவணத்தை அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன், போனில். வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லாருக்குய்யா. அஞ்சு வருசம் புதுசா வந்த புள்ளைங்க திண்டாடுச்சு, அப்ப நாம எழுதல. மெஷின் திண்டாடுதுன்னதும் உக்காந்து எழுதுறோம் பாத்தியா." அவர் என்னை மட்டும் சொல்லவில்லை, தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். ஆனாலும் குத்தியது.

அப்பாவின் உவமை ஒரு இடத்தில் சரியாக வராது என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரத்தைப் படிப்பவன் யாரையும் நம்பாதவன். ஓட்டை தேடிப் படிப்பான். ஏஜென்ட் அதற்கு நேர் எதிர். எழுதியிருப்பதை எல்லாம் நம்பும். நம்பாதவனுக்கு எழுதும்போது நம் சாமர்த்தியம் தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் நம்புகிற ஒன்றுக்கு எழுதும்போது வேறு ஏதோ தேவைப்படுகிறது. நேர்மை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அந்த மீட்டிங்குக்குப் பிறகு.

அந்தச் சம்பவத்துக்கான அறிக்கையையும் நான்தான் எழுதினேன். யாரையும் குற்றம் சொல்லாமல் எழுதுவது எங்கள் தொழிலில் நல்ல வழக்கம். அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, "ஆவணத்தில் தெளிவின்மை காணப்பட்டது" என்று எழுதியிருந்தேன். காணப்பட்டது! மழை பெய்தது என்பது போல. அப்பாவின் பத்திரங்களில் கடைசிப் பக்கத்தின் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும். ஆவணம் எழுதியவர், பெயர், உரிம எண். கோர்ட்டில் ஏதாவது பிசகினால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

புது ஆவணத்தைச் சரிபார்க்க அவளிடமே அனுப்பினேன். கவனமாகப் படித்திருந்தாள். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாள். சர்வரில் கேட்டால் எக்ஸ்86-64 என்று பதில் வரும், ரெஜிஸ்ட்ரியில் அதற்கே ஏஎம்டி64 என்று பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று எங்கேயும் எழுதவில்லையே என்றாள். ஓசூர் வாசலில் நின்று கற்றது அது. பிறகு கடைசி வரியைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள். "அண்ணா, கீழ 'எழுதியவர்'னு உங்க பேரு இருக்கே. இது ஏஜென்ட்டுக்குத் தேவையா? சும்மா டோக்கன் வேஸ்ட்தானே?"

"ஏஜென்ட்டுக்கு இல்ல" என்றேன்.

அவள் காத்திருந்தாள். நான் பழைய ஆவணத்தைத் திறந்து, அந்த ஒரு வார்த்தையைக் காட்டினேன். "ஓசூர்ல நீ மூணு நாள் நின்னது இதனால. நான் எழுதினது. மீட்டிங்ல சொல்லியிருக்கணும், சொல்லல."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்ணா" என்றாள். "பஸ்ல வரும்போதே டாக்கப் படிச்சேன்."

மேனேஜருக்கு அன்று மாலை மெயில் எழுதினேன். அறிக்கையில் "காணப்பட்டது" இருந்த வரியைத் திருத்தி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட்டேன். அவர் "நோட்டட்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் அனுப்பினார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு வந்த கெட்ட பெயர் போய்விட்டதா என்றால், அதுவும் தெரியவில்லை.

ஆவணம் இப்போது நன்றாக வேலை செய்கிறது. ஏஜென்ட்டுகள் நின்று, கேட்டு, சரியான இமேஜை இறக்குகின்றன. என் மேசைக்கு யாரும் வருவதில்லை. எப்போதாவது அவள் மட்டும் வருவாள், டீக்கு.